ஐஸ் கேட்டால் மன்னிப்பு

சென்ற புதன்கிழமை மதியம், சோற்றில் கை வைத்த நேரம். அடுத்த வீட்டு ஜெசிந்தா அக்கா போனை நீட்டியபடி வந்து நின்றார்.

"தம்பி, ஐஸ் கேட்டா இது மன்னிப்புக் கேக்குது. என்னெண்டு பாருங்கோ."

பார்த்தேன். 'மன்னிக்கவும்... ஏதோ தவறு நடந்துவிட்டது. பிறகு முயற்சிக்கவும்.'

"பிறகு எண்டா எப்ப? சூடை நாறினாப் பிறகோ?"

நியாயமான கேள்வி! அவர் கணவரின் வள்ளம் சூடை மீனோடு தலைமன்னார்க் கரைக்கு வந்துகொண்டிருந்தது. போனில் கூப்பிட்டு ஐஸ் சொல்லும் வழக்கத்தை ஐஸ் தொழிற்சாலை அந்த வாரம்தான் நிறுத்தியிருந்தது. இனி எல்லாம் செயலியில். மூன்று மணிக்குள் பதிவு விழாவிட்டால் லொறி இந்தப் பக்கம் திரும்பாது. இந்த வெயிலில் ஐஸ் இல்லாத சூடை... கருவாட்டுக்கும் தேறாது.

அந்தச் செயலியை எழுதியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். தொழிற்சாலைக்காக அதைப் பழுது பார்ப்பவன் நான்! சோற்றை மூடிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

செயலி என்ன செய்கிறது? நாம் கேட்பதைத் தொழிற்சாலையின் சேர்வருக்கு அனுப்புகிறது. சேர்வர் மறுத்தால், ஏன் என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் — அந்த வரி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வந்திருக்கிறது! நம் செயலிதான் 400 என்ற மறுப்பு இலக்கத்தைக் கண்டதும், கூட வந்த காரணத்தை வாசிக்காமலே எறிந்துவிட்டிருக்கிறது. சில அரசாங்கக் கந்தோர்களில் "நாளைக்கு வாங்கோ" என்று மட்டும் சொல்வார்களே, அதே குணம்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். எறியாதே, வாசித்துக் காட்டு என்று நாலு வரி எழுதி ஏற்றினேன்.

"அக்கா, பொத்தானைத் திரும்ப அமத்துங்கோ."

அமத்தினார். திரையில் வந்தது: 'வள்ளத்தின் பெயரில் எழுத்தும் இலக்கமும் மட்டுமே இருக்கலாம். முதலில் உள்ள + குறியை நீக்கவும்.'

பெயரைப் பார்த்தேன். புனிதர் ஒருவரின் பெயர்தான்: + சந்தியோகுமையோர்.

"அது சிலுவையெல்லோ தம்பி! சிலுவை போடாமல் எதை எழுதத் தொடங்கிறது?"

உண்மைதான். எங்கள் பக்கத்தில் கடிதமோ சோதனைத் தாளோ, உச்சியில் ஒரு சிலுவை போட்டுத்தான் தொடங்குவோம். இது சேர்வருக்கு எப்படித் தெரியும்? சேர்வர் ஏன் மறுக்கிறது என்று அக்காவுக்குத்தான் எப்படித் தெரியும்? இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறார்கள். நடுவில் நின்றவர்தான் வாயைத் திறக்கவில்லை.

"இதை முதலே சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பனே!"

எடுத்தார். எடுத்துவிட்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு பெருவிரலால் திரைக்கு மேலே காற்றில் ஒரு சிலுவை வரைந்துவிட்டு, அமத்தினார்.

'பதிவு ஏற்கப்பட்டது.'

நான் போட்ட கூச்சலில் அடுத்த தெரு நாய்கள் குரைத்தன. ஆறிப்போன சோறு அவ்வளவு ருசியாக இருந்ததேயில்லை. வள்ளம் கரை தொட்டபோது லொறி அங்கே ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது.

பெருவிரல் சிலுவையை இதுவரை எந்தச் சேர்வரும் மறுக்கவில்லை!