எட்டு நாளுக்கு வெட்டிய நாடு

சாப்பாட்டு மேசையில் வரைபடமாய் விரித்த நாட்டை மாஸ்டர் இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிடுகிறார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து மூலைக்கு. சுருக்கம் இருந்தால் வெட்டு பிசகும் என்பது தொழில் பாடம். அது சட்டைத் துணியானாலும் சரி, பாலைவனமும் பனிமலையும் ஒன்றாய்க் கிடக்கும் மாபெரும் தேசமானாலும் சரி. நீவி முடித்ததும் நான்கு மூலையிலும் பாரம் வைக்கிறார். உப்பு ஜாடி, கண்ணாடிக் கூடு, பழைய பூட்டு, நான்காவது மூலைக்கு மனைவியின் முழங்கால் தைலக் குப்பி. சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, "ம்ம், வா பாப்போம்" என்கிறார். நாட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார். ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் இதே கூத்து. அது முடியும்வரைக்கும் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவர் கட்டிங் மாஸ்டர். இருபத்தைந்து வருடமாக அந்தப் பெயரே ஊன்றிப்போய், சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும். துணியின் மேல் அட்டை மாதிரிகளை அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சட்டைக் கையின் வளைவுக்குள் காலரை ஒடுக்குவார். காலரின் இடுக்கில் பைத்துண்டைச் செருகுவார். "இதுக்கு மேல இடமே இல்ல மாஸ்டர்" என்று உதவியாளர்கள் கைவிரித்தால், ஓர் அங்குலம் அப்படி, அரை அங்குலம் இப்படி நகர்த்தி, இன்னொரு சட்டைக்கு இடம் காட்டுவார். "நெருக்கிப் போட்டா எல்லாம் அடங்கும்" என்பது அவருடைய தாரக மந்திரம். வேலை முடிந்து எல்லோரும் கைகழுவப் போகும்போது அவர் மட்டும் கழிவுக் கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து கிளறுவார். உள்ளங்கையை விடப் பெரிய துண்டு ஏதாவது அகப்பட்டால் அன்றைக்கு வெட்டியவனுக்குப் பாட்டு நிச்சயம். "இது வேஸ்ட் இல்லடா, பாவம்!"

தொழில் வீட்டுக்கு வந்தால் செருப்போடு வாசலிலேயே நிற்குமா? குளிர்சாதனப் பெட்டிக்குள் பாத்திரங்களை அவர் அடுக்கியிருக்கும் அழகில், ஒரு கிண்ணத்தை எடுக்க ஒன்பது கிண்ணம் இறங்க வேண்டும். திரும்ப ஏற்ற அவரால் மட்டுமே முடியும். தொழிற்சாலை லிப்டில் பெருத்தவர்களையும் மெலிந்தவர்களையும் மாற்றி மாற்றி நிறுத்துவார். "நீ அந்தப் பக்கம் திரும்பு, உன் வயித்துக்கு அவர் முதுகு சரியா இருக்கும்." மேலாளரையே ஒரு நாள் அப்படித் திருப்பியிருக்கிறார்.

வீட்டுக் கூடத்தில் ஆணியில் ஒரு வெல்வெட் உறை தொங்குகிறது. உள்ளே பன்னிரண்டு அங்குலக் கத்திரி. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது. தொழிற்சாலையில் இப்போது மின்சாரக் கத்தி வந்துவிட்டாலும் இதற்குச் சாணை பிடிப்பது நிற்கவில்லை. துணி தவிர வேறு எதையும் இது தொடக்கூடாது. காகிதம் பட்டால் முனை மழுங்கும் என்பது தையல் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்; மாஸ்டரிடம் அது சட்டம். அவசரத்துக்கு ஒருமுறை மனைவி அதால் பால் பாக்கெட்டின் மூலையை நறுக்கிவிட, மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு விடுமுறை கிடைத்ததுதான் விபரீதம். கடல் கடந்து சரக்கு வாங்கும் முதலாளி ஒருவர் நேரில் வந்து, கழிவுத் துணியை எடை போட்டுப் பார்த்து, தராசு கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, மறுபடியும் போட்டுப் பார்த்தார். கடைசியில் மாஸ்டரின் கையைக் குலுக்கி, தம்பதியாய்த் தம் நாட்டைப் பார்த்துவிட்டு வர இரண்டு விமான டிக்கெட் தருவதாகச் சொன்னார். கம்பெனி தன் பங்குக்குத் தாராள மனசோடு எட்டு நாள் விடுப்பு கொடுத்தது. எந்த ஊரில் போய் இறங்குவது என்று மட்டும் இந்தத் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு முன்னால் மாஸ்டர் விடுமுறை என்று எங்கேயும் போனதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. கடையில் அந்த நாட்டின் வரைபடத்தை வாங்கினார். அலுவலகச் சுவரில் தொங்கும் சொந்த நாட்டு வரைபடத்தை டேப் வைத்து அளந்தார். இரண்டும் ஒரே அகலம், ஒரே உயரம். மாஸ்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சொந்த நாட்டில் ஓர் இரவு ரயிலேறினால் சுவர் வரைபடத்தில் இரண்டு சாண் போகலாம், இது அனுபவம். ஆகவே ஒரு நாள் என்பது இரண்டு சாண். தடித்த அட்டையில் எட்டு நாட்களை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தலையில் ஓட்டை போட்டு, எண் எழுதி, கொக்கியில் மாட்டினார். அப்புறம் ஒவ்வொன்றாய் எடுத்து நாட்டின் மேல் அடுக்கத் தொடங்கினார். பதினான்கு ஊர்கள் அடங்கின. கிழக்குக் கரை, கோபுரம், பாலைவனம், பனிமலை, மேற்குக் கரை, மறுபடியும் வேறொரு பனிமலை.

மதிய இடைவேளையில் தொழிற்சாலையில் இதைப் பரப்பிக் காட்டினார். பட்டன் தைக்கிற அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிடறது எப்ப மாஸ்டர்?" என்று கேட்டார்.

"போற வழியில."

"தூங்கறது?"

"அதான் சொன்னேனே, போற வழின்னு ஒண்ணு இருக்குல்ல?"

பயணச்சீட்டு அலுவலகத்தில் இருந்த பெண் அந்தத் திட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். "சார், இது எத்தனை வருஷத்துக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். மாஸ்டர் அதை வயதுக் குறைவு என்று மன்னித்துவிட்டார். ஆனால் அவள் சொன்ன இன்னொரு சேதி அவரைத் துள்ள வைத்தது. அந்த நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் மணி வேறாம். கிழக்கிலிருந்து மேற்கே போனால் கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டுமாம். அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"கேட்டியா? மேற்கால போனா மூணு மணி நேரம் மிச்சம்! அதுல ஒரு அருங்காட்சியகத்த நுழைச்சிடலாம்."

"திரும்பி வரும்போது?" என்றார் மனைவி.

மாஸ்டர் கை கழுவப் போய்விட்டார்.

மனைவிக்கும் அதே தொழிற்சாலைதான். செக்கிங் பிரிவு. தைத்து வரும் உடுப்பை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பிசகு இருக்கும் இடத்தில் பொடியாய் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டுவது அவர் வேலை. அந்த அம்புச் சுருள் கைப்பையிலேயே இருக்கும். வீட்டிலும் ஒழுகும் குழாயில் ஒன்று, கதவுத் தாழ்ப்பாளில் ஒன்று என்று ஒட்டியிருக்கிறார். வாயைத் திறந்து குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. செக்கிங் பிரிவில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்பது கம்பெனியின் ஆராய்ச்சி முடிவு. இருபத்திரண்டு வருடம் நின்றதில் முழங்கால் போனது. அவர் மேசைக்கு மேலே ஓர் ஏரியின் படம் ஒட்டியிருக்கிறது. என்றோ முடிந்துபோன வருடத்து நாள்காட்டியிலிருந்து கிழித்தது. பெரிய ஏரி, கரையில் ஒரு மரப் பெஞ்சு, அதில் யாரும் இல்லை. ஏரி அந்தப் பெரிய நாட்டில்தான் இருக்கிறது.

டிக்கெட் சேதி வந்த அன்றே அவர் சொன்னார்: "எனக்கு வேற எதுவும் வேணாங்க. அந்தப் பெஞ்சுல ஒரு நாள் முழுக்க உக்காரணும். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, நெருக்கிப் போட்டா அடங்கும்" என்றார் மாஸ்டர். முதல் வாரத் திட்டத்தில் ஏரிக்கு அரை நாள் இருந்தது. இரண்டாம் வாரம் அது நாற்பது நிமிடம் ஆயிற்று. போன வாரம் ஏரியே காணவில்லை.

"அது வடமேற்கு மூலையில தனியா ஒதுங்கிக் கெடக்கு" என்று விளக்கினார். "அதுக்குன்னு ஒரு நாளை வெட்டினா சுத்தி எவ்வளவு வேஸ்ட் பாரு. தண்ணிதானே? ப்ளேன்ல போகும்போது கடலையே காட்டறேன்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த மனைவி, சமையலறை வாசலில் நின்று சொன்னார்: "அப்ப நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

சும்மா சொல்கிறார் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். ஆனால் மறுநாள் பெட்டியில் பார்த்தால் இவருடைய சட்டைகள் மட்டும் இருந்தன. சட்டைகளை நெருக்கி அடுக்கி அந்த இடத்தை நிரப்பிப் பார்த்தார். பாதிப் பெட்டி அப்படியே காலியாய்க் கிடந்தது.

இன்று ஞாயிறு. நாளைக்கு ஊர் பெயரைச் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் பதினான்கு ஊரைப் பதினைந்தாக்கும் மும்முரத்தில் இருக்கிறார். மனைவி வந்து, மேசை மூலையிலிருந்து தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு போகிறார். பாரம் போனதும் அந்த மூலை சுருண்டு எழுகிறது. அதை அமுக்கப்போன மாஸ்டரின் விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. பொடியாய் ஒரு சிவப்பு அம்பு.

சுருக்கம் இருக்கிறதோ என்று தடவிப் பார்க்கிறார். இல்லை. கிழிசலும் இல்லை. அம்பு காட்டும் இடத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிகிறார். ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று இருக்கிறது. சுவர் வரைபடத்தில் இந்த வரியை அவர் பார்த்ததே இல்லை. பிறகு தொழிற்சாலைக் காவலாளிக்கு போன் போடுகிறார்.

"ஆபீஸ் சுவத்துல நம்ம நாட்டு மேப்பு தொங்குதுல்ல? கீழ் மூலையில என்ன எழுதியிருக்குன்னு பாரு."

"ஞாயித்துக்கிழமை எதுக்கு மாஸ்டர்..."

"படிய்யா!"

"ஒரு சென்டிமீட்டருக்கு எட்டு கிலோமீட்டராம்."

தொழிற்சாலையில் புதிதாய்ச் சேரும் ஒவ்வொருவனிடமும் மாஸ்டர் முதல் நாள் சொல்வது ஒன்றுண்டு. "துணி மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி சைஸ் சீட்டைப் பாரு. பாக்காதவனுக்குக் கத்திரி எதுக்கு?" இப்போது அவரே குழந்தைச் சட்டை மாதிரியை வைத்து ராட்சசனுக்குச் சட்டை வெட்டியிருக்கிறார். இரண்டு சாண் போக ஓர் இரவு இல்லை, ஆறு இரவு. நல்லவேளை, காவலாளிக்குக் கணக்கு வராது.

முழங்காலில் தைலத்தைத் தேய்த்தபடி மனைவி வருகிறார்.

"எப்ப ஒட்டின?"

"புதன்கிழமை."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"செக்கிங்ல நாங்க பேசறதில்லையே. ஒட்டிட்டு அடுத்த பீசுக்குப் போயிடுவோம்."

மாஸ்டர் அந்த முழங்காலைப் பார்க்கிறார். பிறகு கொக்கியில் வரிசையாய்த் தொங்கும் எட்டு நாட்களைப் பார்க்கிறார். எழுந்து கூடத்துக்குப் போய், ஆணியிலிருந்து வெல்வெட் உறையை இறக்கிக் கொண்டுவந்து, கத்திரியை உருவுகிறார்.

"ஏங்க, அது காகிதங்க!" மனைவி பதறிப்போய் எழுகிறார்.

காதில் விழாததுபோல, மாஸ்டர் வடமேற்கு மூலையில் பன்னிரண்டு அங்குலக் கத்திரியை வைத்து நறுக்குகிறார். ஏரியைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. அதை மனைவியின் முன் வைத்துவிட்டு, பதினான்கு ஊரோடும் மீதி நாட்டை மொத்தமாய்ச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டு, காலால் அழுத்தி மிதிக்கிறார்.