வெருகல் ஆற்றைக் கடக்க ஆறு நிமிடம்

எழுபதுகளின் தொடக்கத்தில், வருடக் கடைசியில், மழை கொஞ்சம் விட்ட ஒரு வெள்ளிக்கிழமை வெருகலுக்குப் புறப்பட்டேன். லிங்கநகரில் குடியிருந்த நான் அப்போது கணித வாத்தியார். எங்கள் வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஐந்தாம் வகுப்புக் கணக்குச் சோதனைத் தாளை ஆக்கியவனும் நானே, திருத்தியவனும் நானே. என் சிவப்புப் பேனையைக் கண்டால் கொட்டியாரக்குடாவே இரண்டு அடி வற்றும். வெருகலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பத்தொன்பது பிள்ளைகளில் பதினொருவர் தவறியிருந்தார்கள். அவர்களை அதே வகுப்பில் இருத்தப் புள்ளிப் பட்டியல் போதும். ஆனால் நான் போட்ட கோடுகளின் அழகை அந்த ஊரும் பார்க்கட்டும் என்று விடைத்தாள்களையும் கட்டி எடுத்துக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்குக் குடாவைக் கடக்கும் லாஞ்ச், அதாவது மோட்டார்ப் படகு, எழுபத்தைந்து சதம். மூதூருக்கு ஒரு மணி நேரம். அலை ஒவ்வொன்றும் கோணேசர் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. பிறகு பஸ், ஒரு ரூபா பத்துச் சதம், ஏறக்குறைய இருபத்தைந்து மைல். என் முதுகெலும்பு அதை இருநூறு என்று எண்ணியது.

சரியாக ஒன்பது மணிக்கு ஆற்றங்கரை. வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். அது மறுகரையில் நின்றது. ஓட்டுபவர் தேத்தண்ணி குடித்தார். வந்தார். வண்டில் ஒன்று வரும்வரை காத்தார். வண்டில் வந்தது, மாடு ஏற மறுத்தது. மாட்டோடு பேச்சுவார்த்தை நடந்தது.

ஆற்றைக் கடக்க எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்டேன்.

"ஆறு நிமிசம் ஐயா. அது ஆத்துக்கு. மிச்சம் எங்களுக்கு."

மறுகரையில் இறங்கியபோது பத்து இருபது. என் நாலாவது கேள்வி இதுதான்: ஒன்பது மணிக்குக் கரைக்கு வரும் பஸ் ஆறு நிமிடத்தில் ஆற்றைக் கடந்தால் எத்தனை மணிக்கு மறுகரை சேரும்? கரையிலேயே விடைத்தாள் கட்டை அவிழ்த்தேன். ஒருவர்கூட ஒன்பது ஆறு எழுதவில்லை. பத்து மணி, பத்தேகால். மேரி என்ற பிள்ளை 10.20 என்று எழுதியிருந்தாள். அதன்மேல் என் சிவப்புக் கோடு, பனைமரம் பருமனில்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை பிலோமினா ரீச்சரிடம், அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் முழுப் புள்ளி என்று சக்கரவர்த்தி போல அறிவித்தேன். எட்டுப் பேர் கரையேறினார்கள். மேரி உட்பட மூன்று பேர் மிஞ்சினார்கள்.

ரீச்சர் எனக்கு நன்றி சொல்லவில்லை. தாள்களை வாங்கி மேசையில் பரப்பினார். 408ஐ நாலால் பிரித்தால் 102. பதினாலு பேர் 12 என்று எழுதியிருந்தார்கள். நடுவில் நின்ற பூச்சியத்தைக் காணவில்லை.

"இது பாதையின்ர பிழையில்லை சேர். என்ர பிழை. பட்டியல் மட்டும் வந்திருந்தா எனக்கு இது தெரிஞ்சிராது. பத்து நாள் தாங்கோ, திரும்பப் படிப்பிச்சுச் சோதிக்கிறன்."

பட்டியல் முடிந்த முடிவு என்றார், அங்கே வந்து நின்ற அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்.

"மேரியை இருத்தினா பள்ளிக்கூடம் விடாம வீட்டில மறிச்சுப்போடுவினம்," என்றார் ரீச்சர். "பிறகு இந்தப் பட்டியலை ஆருக்கு வாசிப்பியள்?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான். மற்றவை நான் சொன்னவை மட்டும்.

பத்தாம் நாள் மறு சோதனை. மூவரும் தேறினார்கள். மேரிக்கு ஐம்பத்திரண்டு.

போகிறவர்களுக்கு: காலையிலேயே புறப்படுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். வாத்தியாராக இருந்தால் புள்ளிகளை வீட்டில் விட்டாலும் விடைத்தாள்களை விடாதீர்கள். இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. கடக்க அரை நிமிடம். ஆகவே என் ஆறு நிமிடம் அன்றும் பிழை, இன்றும் பிழை.