சேலையில் ஏறிய சிகரெட் வாடை

என் கணவர் மஸ்கட்டில் இருந்த வருஷங்கள். திருவனந்தபுரத்தில் வாடகை வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்து வழக்கப்படி மாமி என்றுதான் கூப்பிடுவேன். முட்டுவலியால் மாமிக்கு பஸ் படி ஏற முடியாமல் போனதும், பழைய கார் ஒன்று வாங்கச் சொல்லி அவர் பணம் அனுப்பினார். வண்டி ஓட்டக் கல்யாணத்துக்கு முன்பே படித்திருந்தேன்.

பூஜப்புரையில் ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வாங்கினோம். பார்க்கப் போன அன்று கண்ணாடிகளையெல்லாம் இறக்கி வைத்திருந்தார். உள்ளே சந்தன ஊதுபத்தி மணம். பக்தியான மனுஷன் என்றாள் மாமி.

அந்த வாரமே ஒரு நாள் நான் வேலை பார்த்த வங்கி வாசலில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு சாயங்காலம் கதவைத் திறந்தேன். மூடிக் கிடந்த சிகரெட் வாடை முகத்தில் அடித்தது. அதோடுதான் வீட்டுக்கு வந்தேன். துணி மாற்றும்போது என் சேலையிலும் அதே வாடை. தலைமுடியிலும்.

சமையல் சோடாவை சீட் முழுக்கத் தூவி, மறுநாள் துடைப்பத்தால் தட்டி எடுத்தேன். தேங்காய்ச் சிரட்டையில் அடுப்புக்கரி வைத்தேன், காப்பித்தூள் வைத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து டாஷ்போர்டில் தேய்த்தேன். ஒவ்வொன்றும் இரண்டு நாள் தாங்கும். பிறகு எலுமிச்சை மணத்தோடு சேர்ந்து சிகரெட்டும் மணக்கும். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி ஒரு நாள் ஏறியவள், வழி முழுக்க முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள். பழைய வண்டி அல்லவா என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் சபைப் பெண்கள் இரண்டு பேரைக் கோவிலுக்கு ஏற்றிக்கொண்டு போவேன். மூன்றாவது வாரம் இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஆம்பிளைகள் யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா என்று அன்பாகக் கேட்டார். இல்லை என்றேன். அடுப்படியில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. புருஷன் கல்ஃபில் இருக்கிற பெண்ணின் காரில் சிகரெட் வாடை. தப்பு எதுவும் செய்யாதவளுக்கு ஏன் உடம்பெல்லாம் கூசியது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று இரண்டு தடவை குளித்தேன்.

வெள்ளிக்கிழமைதான் என் கணவருடைய போன் வரும். அந்த வாரம் வழக்கமான விசாரிப்புகள் முடிந்தன. பிறகு, "கார்ல வேற யாரும் ஏறதில்லையே?" என்றார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் ஊதுபத்தியிலிருந்து ஆரம்பித்துச் சோடாப்பொடி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பொய் போலவே எனக்குக் கேட்டது. செரி, செரி, விடு என்றார் அவர்.

மேசையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமி எழுந்து வந்து, என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"லேய், அந்த வண்டியில நானும்தான் போறேன். எனக்க சேலையிலயும் அந்த வாடைதான் அடிக்குது. கேக்கதா இருந்தா என்னையும் கேளு."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்காக ஒருவர் பேச வேண்டிய நிலை வந்ததே என்றுதான் இருந்தது. கீரைக் காம்புகளைக் கூட்டிப் பெருக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

விற்றவரைப் போய்க் கேட்போம் என்று மறுநாள் மாமியே கிளம்பினாள். பூஜப்புரை வீட்டில் அவருடைய மனைவி எங்களை உட்கார வைத்துச் சாயா கொடுத்தார். அவர் லுங்கியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். போன தடவையைவிட மெலிந்திருந்தார். மாமி சுற்றி வளைக்காமல், வண்டியில் சிகரெட் வாடை போகவே மாட்டேன் என்கிறது, இந்தப் பெண்ணுக்கு ஊரில் பேர் கெடுகிறது என்றாள்.

மனைவிதான் மலையாளத்தில் சொன்னார். நெஞ்சில் ஆபரேஷன் ஆன அன்றோடு இவர் சிகரெட்டைத் தொடவில்லை, அதற்குப் பிறகு வாங்கிய வண்டி இது, அதில் எப்படி வாடை வரும்? சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் தலை குனிந்திருந்தது.

"நடக்கப் போறேன்னு தினமும் சங்குமுகம் பீச்சுக்குப் போனது இதுக்குத்தானா?"

அவர் என்னைப் பார்த்து, மோளே, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன், மேலே ஒட்டியிருக்கிற துணியில்தான் பிடித்திருக்கும், அதை மாற்றிவிடுங்கள் என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. என் பேரைக் காப்பாற்ற வந்து, அவர் மறைத்து வைத்திருந்ததை அவர் வீட்டு நடுவிலேயே போட்டு உடைத்துவிட்டேன். பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்தோம். வாசல் வரைக்கும் யாரும் வரவில்லை. திரும்பி வரும்போது மாமி என்னிடம், "நாம போயிருக்கக் கூடாது மக்களே" என்று மட்டும் சொன்னாள்.

ஒர்க்‌ஷாப்பில் சீட்டுகளைக் கழற்றி, கூரைத் துணியைப் பிரித்தார்கள். அதன் உள்பக்கம் சாயா வடிகட்டுகிற துணி போலப் பழுத்திருந்தது. புதுத் துணி ஒட்டிய பிறகு வாடை மெல்ல மெல்லப் போனது. சபைப் பெண்கள் மறுபடியும் ஏறினார்கள். யாரும் எதையும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த லீவுக்கு என் கணவர் வந்தபோது விமான நிலையத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பெட்டிகளை வைத்துவிட்டு, நான் ஓட்டுகிறேன் என்று அவரே முன்னால் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கால் ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்தார். நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு வாடையும் இல்லையே" என்றார் சந்தோஷமாக.

இல்லை என்றேன். பேட்டை தாண்டும் வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.