ரத்து

எர்லீனுக்கு மறதி கிடையாது. மன்னிப்பு அதைவிடக் கிடையாது. ஹார்லன்ஃபெரி ஊரின் பள்ளிப் பேருந்து ஸ்டியரிங்கில் பாதி ஆயுளைக் கழித்தவள். ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் கடனில் மூழ்கியதும், மாநில அரசு விட்லாக் என்பவரைக் கண்காணிப்பாளராக அனுப்பியது. அனுப்பியது மாநிலம், சம்பளம் மட்டும் அந்தப் பஞ்சைப் பள்ளிகளின் தலையில். அதற்கு வழி செய்ய அவர் வெட்டிய முதல் செலவு எர்லீனின் பேருந்து. பிள்ளைகள் லாரிகள் பறக்கும் சாலையோரம் நடந்து போனார்கள்.

எர்லீன் பள்ளி வாரியத் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள்.

வாரியம் எதை நிறைவேற்றினாலும் கண்காணிப்பாளர் தடுக்கலாம். ஆனால் பொதுக்கூட்டத்தில், மைக்கில், தன் வாயாலேயே "ரத்து" என்று சொல்ல வேண்டும். எர்லீன் அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாதாமாதம் ஒரே தீர்மானம்: விட்லாக்கின் சம்பளத்தை அவரை அனுப்பிய மாநிலமே கொடுக்கட்டும். எல்லாரும் கை தூக்குவார்கள். தன் சம்பளத்தைக் காப்பாற்ற அவரே மைக்கை இழுத்தாக வேண்டும்.

ஊருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. சாப்பாட்டுக்கடையில் அவர் ஆப்பிள் பை பலகாரம் கேட்டால், பரிமாறும் டாட்டி முகம் மாறாமல், "ரத்து சார்," என்பாள். எர்லீனுக்கு அது காதில் தேன்.

வசந்தத்தில் ஒருநாள், கூட்டத்துக்கு முன் விட்லாக் வாசலில் அவளை மறித்தார்.

"உங்க பஸ்ஸைத் திருப்பித் தர்றேன்மா. அந்தத் தீர்மானத்தை மட்டும் விட்டுடுங்க."

"அதுக்குக் காசு?"

"பள்ளிக்கூட நர்ஸை வேலையை விட்டு நிறுத்திடலாம்."

"உங்க சம்பளத்துல மட்டும் கை வைக்க மாட்டீங்க."

"அது சட்டம்மா, நான் என்ன பண்ண?"

அந்தப் பேருந்து அவளுக்கு வேண்டும். ஒரு கணம் சபலப்பட்டாள். சபலப்பட வைத்தாரே என்று ஆத்திரம் இரட்டிப்பானது.

உள்ளே வாரியத் தலைவர் கஸ் சிரித்தார். "என்ன எர்லீன், வழக்கமான தீர்மானம்தானா?"

"அது அப்புறம். சார் வாசல்ல என்கிட்ட ஒரு பேரம் பேசினார். நர்ஸை அனுப்பிட்டு என் பஸ்ஸைத் தர்றாராம், நான் வாயை மூடிக்கணுமாம். எல்லாருக்கும் கேக்கட்டும்னு இங்கயே பதில் சொல்றேன்."

முன்வரிசையில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். விட்லாக் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எர்லீன் அவர் முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ரத்து," என்றாள்.

மறுநாள் காலை பேருந்து ஓட்டிய நாளில் போட்ட பழைய மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு லாரிச் சாலையோரம் அவளும் நடந்தாள்.