பிட்டுக் குழலுக்கு எட்டுப் பக்க வாக்குமூலம்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணி பதினேழு நிமிடத்துக்கு என் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சலும் அதில் இணைத்த கடிதமும் வந்தன. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. பிறகு நான் எழுதிய எட்டுப் பக்க வாக்குமூலத்தின் முதலாம் பந்தி அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.

மல்கிரேவில், மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் சோதிக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வேலை முடிந்து காருக்குள் ஏறியிருந்து கடிதத்தை வாசித்தேன். என் பெயருக்கு வந்த பொதியைச் சுங்கத்தில் தடுத்து வைத்திருக்கிறார்களாம். உள்ளே இருப்பது, துப்பாக்கியின் வாயில் பூட்டி வெடிச் சத்தத்தை அடக்கும் கருவியாகவோ அதன் பாகமாகவோ இருக்கலாம் என்று சந்தேகமாம்.

எனக்கு வரவேண்டியிருந்த பொதி ஒன்றே ஒன்றுதான். ரொறன்ரோவிலிருந்து என் கணவரின் அக்கா அனுப்பிய பிட்டுக் குழல்.

பிட்டுக் குழல் ஒரு அப்பாவிச் சாமான். மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போட்டு, கொதிக்கிற பானையின் வாயில் நிறுத்தி வைத்தால் பத்து நிமிடத்தில் காலைச் சாப்பாடு தயார். இங்கே டண்டினோங் கடைகளில் விற்கிற குழல்களில் பொருத்துவாயால் ஆவி போய்விடும், பிட்டு பாதி வேகாது. இதை அந்த அக்காவிடம் தொலைபேசியில் ஒரு தடவை சொல்லிவிட்டேன். மச்சாளிடம் குறை சொன்னால் அடுத்த வாரம் பொதி வரும். அது அவருடைய சுபாவம்.

கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்துவிட்டு நாட்களை விரல்விட்டு எண்ணினேன். அன்றிலிருந்து பதின்மூன்றாம் நாள் எனக்குக் குடியுரிமை நேர்காணல். நாங்கள் போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்கள். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசா, பிறகு நிரந்தர விசா, கடைசியாக இது. விண்ணப்பத்தில் நன்னடத்தை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதில் எல்லாக் கட்டத்துக்கும் "இல்லை", "இல்லை" என்று நிமிர்ந்த நெஞ்சோடு அடையாளம் போட்டவள் நான். இப்போது என் பெயரில் ஒரு துப்பாக்கிச் சாமான்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அது என் மடிக்கணினிக்குள் இருந்தது.

பதினாறு வயது மகள் பாடசாலை விவாத அணியில் இருக்கிறாள். அந்த வாரத் தலைப்பு: துப்பாக்கிச் சத்தம் அடக்கும் கருவிகளைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா? அனுமதிக்கலாம் என்ற பக்கம் அவளுக்கு விழுந்தது. பாடசாலைக் கணினியில் துப்பாக்கி என்று தட்டினாலே பக்கம் திறக்காது. ஆகவே ஒரு வாரமாக என் கணினியில்தான் தேடினாள். கடையில் வாங்கினால் என்ன சட்டம், கராஜில் செய்தால் என்ன தண்டனை, பொதியில் வந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள். எல்லாம் என் பெயரில், என் கணக்கில். போதாக்குறைக்கு நாற்பது பக்கத்தை என் அலுவலக அச்சியந்திரத்தில் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த விவாதம் ஏற்கெனவே ஒரு சுற்று நடந்து முடிந்திருந்தது.

"அம்மா, ஃபார்மர்ஸுக்கு காது போகுது. பக்கத்து வீட்டு ஆக்களுக்கு நொய்ஸ். பக்கத்தில நியூசிலாந்தில கடையில விக்கிறாங்கள். கொமர்ஷலா செய்து, நம்பர் அடிச்சு, லைசென்ஸ் இருக்கிறவைக்கு மட்டும் குடுத்தா என்ன பிரச்சினை?"

"சத்தம் கேட்டாத்தான் பிள்ளை நிலத்தில விழுந்து படுக்கலாம்" என்றேன். "எந்தப் பக்கத்தால வருது எண்டு தெரியும். எங்க ஓடுறது எண்டு தெரியும். சத்தம்தான் எங்களைக் காப்பாத்தினது."

அவள் கொப்பியை இழுத்தெடுத்தாள். பிறகு, "தற்ஸ் அ ரியலி குட் ரிபட்டல்" என்று சொல்லி அதைக் குறித்துக்கொண்டாள், எதிரணி சொன்னால் பதில் தயார் செய்ய வேண்டுமாம். என் உயிர் தப்பிய கதை அவளுக்கு எதிரணியின் மூன்றாவது வாதம்.

"சரி, அப்ப கராஜில செய்யிறது?" என்று கேட்டார் என் கணவர், மீன் முள்ளை எடுத்தபடி.

"அது பான் தான் அப்பா, முழுத் தடை. ஹோம்மேடுக்கு நம்பர் இல்லை, ஆர் செய்ததெண்டு தெரியாது. எங்கட டீமும் அதை அலவ் பண்ணாது."

இந்த வசனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாளுக்கு அழைத்தேன். அங்கே விடிய இன்னும் நேரமிருந்தது. அவர் எடுத்த எடுப்பிலேயே, "பாசல் வந்திட்டுதே?" என்றார்.

"மச்சாள், குழலுக்குள்ள என்னத்தை வைச்சனீங்கள்?"

"வெறும் ஏனத்தை அனுப்பிறதே? முறையில்லையெல்லோ. முறுக்கு உரல் அச்சு ஏழு வைச்சனான். நடுவில ஒற்றை ஓட்டை உள்ளது. எல்லாம் மினுக்கி, வரிசையா அடுக்கி."

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள் நான். மகளின் நாற்பது பக்கத்தையும் பிழை திருத்துவதற்காக வாசித்தவள். உலோகக் குழாய்க்குள் நடுவில் துளையுள்ள தட்டுகள் வரிசையாக நின்றால் எக்ஸ்ரே திரையில் அது எதைப்போல இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"ஒவ்வொரு அச்சுக்கும் நடுவில துணி சுத்தினனான்" என்று மச்சாள் பெருமையோடு தொடர்ந்தார். "சத்தம் வரக்கூடாதெல்லோ."

"மச்சாள், ஃபோனில அப்பிடிக் கதைக்காதேங்கோ!"

"எப்பிடி?"

"சத்தம், கித்தம் எண்டு."

"உமக்கு என்ன விசரே? கலகலவெண்டு சத்தம் வந்தா கஸ்டம்ஸ்காரன் உடைச்சுப் பாப்பான். அதுதான் சத்தம் வராம அடக்கி..."

"மச்சாள்!"

"சரி, சரி. கத்தாதையும்."

"ஃபோமில என்னெண்டு எழுதினனீங்கள்?"

"உண்மையைத்தான். இஞ்ச எங்கட ஆள் ஒருத்தர் கராஜில வைச்சு நல்ல மொத்தத் தகட்டில அடிச்சுத் தாறவர். அதால 'ஹோம்மேட் மெட்டல் பைப்' எண்டு எழுதினனான். வடிவா, பெரிய எழுத்தில."

மகளின் அணி வென்று, நாளைக்கே பாராளுமன்றம் சட்டத்தை மாற்றினாலும் என் குழல் குற்றவாளிதான்.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவர் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டியிருப்பார். நான் புரட்டவில்லை. எங்கள் ஆட்களுக்கு, அதுவும் படகில் வந்தவர்களுக்கு, ஒரு வியாதி இருக்கிறது. அரசாங்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால் அதற்கும் பதில் சொல்வோம், கேட்காத பத்துக் கேள்விக்கும் பதில் சொல்வோம். முதல் நேர்காணலில் சொல்லாத ஒன்றை மூன்றாம் நேர்காணலில் சொன்னால், "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் ஆறு வருடம் போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே எதையும் விடக்கூடாது. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இலக்கமிட்ட பந்திகளில்.

குசினி மேசையில் இருந்து எழுதினேன். முதலாம் பந்தி, கடிதம் கிடைத்த நேரம். ஐந்தாம் பந்தி, பிட்டு என்றால் என்ன. ஒன்பதாம் பந்தி, குரக்கன் பிட்டுக்கும் அரிசிமாப் பிட்டுக்கும் உள்ள வித்தியாசம். பதினான்காம் பந்தி, வெறும் பாத்திரம் அனுப்பாத எங்கள் வழக்கம். இருபத்தேழாம் பந்தி, மகளின் விவாதமும் என் கணினியில் நடந்த தேடல்களும், அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்க முன்னர் நானே சொல்லிவிடுவதுதானே நல்லது. முப்பத்தோராம் பந்தியில் மகளின் விவாதக் குறிப்பிலிருந்து ஒரு வாதத்தையே களவெடுத்தேன்: ஒரு பொருளின் வடிவத்தை மட்டும் பார்க்காமல், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சட்டம் பார்க்க வேண்டும். மேசையில் அவளுக்கு எதிராகப் பேசின நான், கையொப்பம் வைத்தபோது அவள் பக்கத்தில் நின்றேன்.

இணைப்பாக, போன வருடப் பொங்கலன்று அவித்த பிட்டின் இரண்டு படங்கள். அத்துடன் நானே கீறிய ஒரு வெட்டுமுகப் படம். குழல், உள்ளே ஏழு அச்சுகள், அம்புக்குறிகள், மில்லிமீற்றரில் அளவுகள். படித்த படிப்பு சும்மா இருக்க விடாது. ஏழரைக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பெருமூச்சு விட்டேன்.

எட்டு மணிக்கு மகள் கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து வந்தாள். கைப்பேசியை வாங்கிக் கடிதத்தை வாசித்தாள். இரண்டாம் பக்கத்தையும் வாசித்தாள்.

"அம்மா, இதில ரெண்டு பொக்ஸ்தான் இருக்கு. வேணுமெண்டா ஒண்டு, வேண்டாமெண்டா மற்றது. டிக் பண்ணவேணும். அவ்வளவுதான்."

"விளக்கம்?"

"ஒரு லைன் கேட்டிருக்கு. ஒரு லைன்."

அவள் என் எட்டுப் பக்கத்தைத் திறந்தாள். வாசிக்க வாசிக்க முகம் மாறிக்கொண்டு வந்தது. கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அம்மா. யூ சென்ட் தெம் அ புளூபிரிண்ட்."

"அது பிட்டுக் குழல்!"

"வித் மெஷர்மென்ட்ஸ்! அதோட என்னைப் பத்தியும் எழுதியிருக்கிறீங்கள். பரகிராஃப் ருவென்ரிசெவன். ஓ மை கோட், பரகிராஃப் ருவென்ரிசெவன்!"

கணவர் எட்டிப் பார்த்தார். "பிட்டுக்குப் பதிலா கடையில பாண் வாங்கித் திண்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சிக்குத் திரும்பினார்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டேன். காரை எடுத்துக்கொண்டு த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மலையடிவாரத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "பிள்ளையாருக்கும் நம்பர் போட்டுத்தான் சொன்னனீங்களா?" நான் ஈரக் குடையை உதறி விரித்து வைத்தேன். உண்மையில் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை விவாதத்தில் அவளுடைய அணி தோற்றது. எதிரணிப் பெண் ஒருத்தி, சத்தம் கேட்டால்தான் மக்கள் ஒளிந்துகொள்ள முடியும் என்று சொன்னாளாம். "நான் உங்களுக்குப் பதில் எழுதி வைச்சிருந்தனான் அம்மா. எழும்பி நிண்டா வாயில வரேல்லை" என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன். வென்றிருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும், தோற்றதும் கவலையாகவே இருந்தது. பெற்ற மனத்துக்கு எந்த அணியும் சரிவராது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வாசல் மணி அடித்தது. கதவில் கடும்நீலச் சீருடையில் ஒரு பெண் தனியாக நின்றார். என் வயதுதான் இருக்கும். கக்கத்தில் ஒரு பெட்டி, ஓரமெல்லாம் வெட்டி மறுபடி ஒட்டிய பெட்டி. சுங்க அடையாள அட்டையைக் காட்டினார். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு, குனிந்து தன் கனத்த சப்பாத்துகளையும் கழற்றினார். கைது செய்ய வருபவர் சப்பாத்துக் கழற்றுவாரா என்று யோசித்தேன். தெரியவில்லை. எங்கள் ஊரில் கழற்றியதில்லை.

"ஐந்தாம் பந்தியில் ஒரு பானையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். "பார்க்கலாமா?"

பானையை எடுத்து வைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து குழலை எடுத்தார். மச்சாளின் ஆள் அடித்த குழல் உண்மையாகவே அழகாக இருந்தது. பானை வாயில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"அவிச்சுக் காட்டட்டோ எண்டு கேள்" என்று மகளுக்குச் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், அன்றைக்கு மட்டும் வரவில்லை. மகள் கேட்டாள். சாப்பிட முடியாது, அதிகாரி பரிசு வாங்கியதாகிவிடும், அவிப்பதைப் பார்க்க மட்டும் முடியும் என்றார் அவர். ஆகவே வறுத்த மாவைக் குழைத்தேன், தேங்காய்ப்பூவை உதிர்த்தேன். அரசாங்க அதிகாரி ஒருவர் காலுறையோடு எங்கள் குசினியில் நின்று, குழலின் தலையால் ஆவி வெளிக்கிடும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஆவி வந்தது. பக்கத்தால் துளியும் போகவில்லை. நல்ல தகடு என்று மச்சாள் சொன்னது சரிதான்.

"இருபத்தேழாம் பந்தி நீதானே?" என்று மகளைக் கேட்டார். மகள் நிலத்துக்குள் போய்விடுவாள் போல நின்று, "யெஸ்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, முறுக்கு அச்சு ஏழையும் எண்ணி என் கையில் தந்தார்.

நான் அதுவரை விழுங்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "என் நேர்காணல்?"

"இது சமையல் பாத்திரம். சமையல் பாத்திரம் என்றுதான் எழுதி முடிக்கப்போகிறேன். உங்கள் பெயருக்கு ஒன்றும் ஒட்டாது."

வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டுப் பக்கத்தையும் வாசித்தேன், அம்மா. ஒரு வரியிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை."

இந்த நாட்டில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்து எத்தனையோ வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. பிட்டுக் குழலுக்காகச் சொன்னார் என்றாலும், அந்த வரியை மனதுக்குள் இன்னொரு பந்தியாக இலக்கமிட்டு வைத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து, கையில் வெறும் பெட்டியோடு ஒரு கணம் தயங்கினார்.

"ஒரு உதவி. நீங்கள் கீறிய அந்தப் படத்தை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா? எக்ஸ்ரே பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். கனடாவில் அந்த அம்மா இன்னும் எத்தனை பேருக்கு அனுப்பப்போகிறாரோ, தெரியாதே."