கஜு ஒத்துக்கொள்ளாத ஐந்தாம் மேசை

உணவகத்தில் பரிமாறுகிறவனுக்குத் தட்டின் கனம் சீக்கிரமே பழகிவிடும், பயம் மட்டும் பழகவே பழகாது. என்னைப்போல இந்த வேலையில் அகப்பட்டவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில் நான் வேலை செய்வது ஒரு இந்திய, நேபாள உணவகத்தில். முதலாளி பஞ்சாபி. சமையல்காரர் பிஷ்ணு நேபாளி. மேசைகளைப் பார்ப்பது மதுரைக்காரி கவிதாவும் யாழ்ப்பாணத்தானாகிய நானும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தாம் மேசைக்கு வந்த ஒரு சோடி என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

பொருத்தமான பை

அங்கிள் மடிப்புக் கலையாத சேர்ட், அன்ரி பட்டுச் சேலை. என் முகத்தைப் பார்த்ததுமே அங்கிள், "தம்பி ஊரிலை எவடம்?" என்று தொடங்கிவிட்டார். அன்று அவர்களுடைய கலியாண நாளாம். கவிதா வாழ்த்துச் சொன்னாள், அன்ரிக்கு வெட்கம்.

மெனுவை நீட்டியபோது அன்ரி தணிந்த குரலில் ஒரு செய்தி சொன்னார். கஜு, அதாவது கவிதா சொல்கிற முந்திரிப்பருப்பு, அவருக்குத் துளியும் ஒத்துக்கொள்ளாது. உள்ளே போனால் தொண்டை அடைத்துவிடும். போன தடவை அம்புலன்ஸ்காரர் வந்துதான் மூச்சைத் திருப்பித் தந்தார்களாம். அவசரத்துக்குப் போடுகிற ஊசி கையில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது மற்ற ஹாண்ட்பாக்கிலை கிடக்குது தம்பி. இதுதான் சேலைக்குப் பொருத்தமெண்டு எடுத்துக்கொண்டு வந்தனான்."

ஒரே பானை

எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெனுவில் எத்தனை கறிகளின் பெயர் இருந்தாலும், பாதிக்குமேல் ஒரே பானையிலிருந்துதான் வருகின்றன. வெங்காயம், தக்காளி, அரைத்த கஜு எல்லாம் போட்டு மத்தியானமே ஒரு பெரிய பானைக் குழம்பு காய்ச்சி வைத்துவிடுவோம். பிறகு கோழி கேட்டால் கோழி, பனீர் கேட்டால் பனீர்.

குசினிக்கு ஓடி, ஐந்தாம் மேசைக்குக் கஜு கூடவே கூடாது என்று பிஷ்ணுவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு, மேலே தூவ வைத்திருந்த கஜுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். வைத்த கையாலேயே அகப்பையை அந்தப் பானைக்குள் விட்டார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நோ காஜு ஆன் டாப், பாய்!"

பார்வை

பானைக்குள்ளும் கஜு கூடாது என்பது விளங்கியதும் பிஷ்ணுவின் முகமும் வெளுத்துவிட்டது. புதுச் சட்டி, புது அகப்பை, புதிதாக வெட்டிய வெங்காயம் என்று முதலிலிருந்து தொடங்கினார். அவர்கள் கேட்டிருந்த மோமோ என்கிற நேபாளக் கொழுக்கட்டையின் மாவிலும் சட்னியிலும் கஜு இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன். தட்டு என் கையில் ஆடுவதைப் பார்த்து, "குடுங்கண்ணா, கீழ போட்டுறாதீங்க" என்று கவிதாவே வாங்கிப் போனாள்.

நான் தூண் பக்கம் நின்று அன்ரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை இருமினார், எனக்கு உயிரே போய்விட்டது. உறைப்புத்தான் காரணம். அங்கிள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் இப்பிடி வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டா எங்களுக்குச் சாப்பாடு இறங்காது."

முதலாளியின் அன்பு

அதனால் வாசல் பக்கம் வேறு மேசைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கலியாண நாள் சங்கதி முதலாளியின் காதுக்கு எட்டியிருக்கிறது. எங்கள் கடை வழக்கப்படி, கலியாண நாளுக்கு வருகிறவர்களுக்கு ஒரு கிண்ணம் கீர் இலவசம். பாலும் அரிசியும் போட்ட பாயாசம்தான், ஆனால் கஜுவை விழுதாக அரைத்துக் கலந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கிறேன், முதலாளி கைகூப்பி நிற்கிறார், சுற்றியிருந்தவர்கள் கைதட்டுகிறார்கள், கரண்டி அன்ரியின் உதட்டருகே போகிறது.

"அன்ரி, வையுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கரண்டியைத் தட்டிவிட்டேன். பட்டுச் சேலை முழுக்கப் பாயாசம். அம்புலன்ஸைக் கூப்பிடக் கவிதா போனைக் கையில் எடுத்துவிட்டாள், அங்கிள் அன்ரியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். உதட்டில் படவேயில்லை என்று அன்ரி சொல்லும்வரை நானும் மூச்சு விடவில்லை. கீரிலே கஜு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

"தெரியும் தம்பி. ஆனா அந்த மனுசன் கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்கை எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது? ஒரு கரண்டிதானே எண்டு நினைச்சனான்."

மரியாதைக்காகச் சாகவும் துணிந்த சனத்துக்குப் பரிமாறுகிறவன், சமையல்காரரை விடச் சாப்பிடுகிறவருக்குத்தான் கூடப் பயப்படவேண்டும்.