சௌவானின் தப்பு ஆங்கிலம்

சௌவானும் நானும் ஒரே மேசையில் நின்று இறால் கொழுக்கட்டை மடித்தவர்கள். ரிச்மண்டில் உணவகத்தின் பின்கட்டில் கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை; அதனால் வாய் ஓயாது. எல்லாம் எங்கள் ஊர்ச் சீனமான கான்டனீஸ்தான். கனடாவுக்கு வந்து பாதி ஆயுள் போன பிறகும் எங்கள் இருவரின் ஆங்கிலம் பஸ் பலகை படிக்கும் அளவுக்கு மேல் வளரவில்லை.

அவள் புருஷன் கோக்சுங் அப்படியல்ல. குவாங்ஜோவில் பாலம் கட்டிய எஞ்சினியர். இங்கே கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் சரிபார்க்கும் வேலை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் வெள்ளைக்காரனே அகராதி தேடுவான் என்று சௌவான் பெருமையாகச் சொல்வாள்.

மகன் டெரிக் மழலை மாறாத வயதில் வந்தவன். அவனுடைய சீனம் அங்கேயே நின்றுவிட்டது. சாப்பிட்டியா, கோட்டு போட்டுக்கோ, எப்போ வருவே. தாய்க்கும் மகனுக்கும் இடையே அடுப்படி அகலத்துக்கு ஒரு மொழி இருந்தது. அன்றாடத்துக்கு அது போதும். சண்டைக்குப் போதாது. சமாதானத்துக்கு அறவே போதாது.

எஞ்சினியரிங் படிப்பை விட்டுவிட்டு முடிதிருத்தும் தொழில் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று டெரிக் சொன்னது குடும்பமே கூடியிருந்த ஒரு விருந்தில். "எனக்கு மகனே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன்" என்றார் கோக்சுங். சௌவான் எல்லார் கிண்ணத்திலும் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவன் தன் பிள்ளைச் சீனத்தில் கேட்டான்: "அம்மா, நீ ஏன் பேசலை?"

தொலைவில் கால்கரி நகரத்துக்குப் போய்விட்டான். அம்மா தொலைபேசியில் அழைத்தால் பேச்சு நடுவில் அப்பா பிடுங்கிக்கொள்வார் என்பதால் எடுப்பதையும் நிறுத்திவிட்டான். அவன் விலாசம் சௌவானின் தங்கை மகள் மேகிக்கு மட்டும் தெரியும். யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

எங்கள் வீடுகளில் பெற்றவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து அறைக் கதவைத் தட்டுவார்கள். பிள்ளை தின்றால் சண்டை தீர்ந்தது. கால்கரிக்குத் தட்டை நீட்ட முடியாதே.

அப்போதுதான் நூலகத்தில் தாம் என்ற டீச்சரின் எழுத்து வகுப்புக்கு நானும் அவளும் சேர்ந்தோம். முழுக்க எங்களைப் போன்ற சீனர்கள். டீச்சர் ஹாங்காங்கில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வுபெற்றவர். போனைத் தொடக்கூடாது, அடித்துத் திருத்தக்கூடாது, தோன்றியதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

"தப்பு வருமே டீச்சர், மானம் போகுமே" என்றாள் சௌவான்.

"உங்க மானத்தை யாரு கேட்டா? ஒரு பக்கம் கேட்டேன். சீனத்துல வாய்க்கு வராதது இதுல வரும். இது நம்ம வீட்டுப் பாஷை இல்லைங்கறதால வெக்கம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்."

"எனக்கு எல்லாப் பாஷையிலயும் வெக்கம்தான்."

"அப்ப வெக்கத்தையே எழுதுங்க, சௌவான் அக்கா" என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு கசாப்புக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

குளிர்காலம் முழுக்க எழுதினாள். வசந்தத்தில் ஒருநாள் மகனுக்கு அனுப்ப ஒரு பக்கம் தேறியது. டீச்சர் படித்துவிட்டு, "இதுல ஒரு எழுத்தையும் மாத்தாதீங்க, அப்படியே அனுப்புங்க" என்றார். "அன்று நான் அப்பாவுக்குப் பயம். வாய் மூடினேன். நீ சரி. நான் தப்பு அம்மா. முடி வெட்டு நல்ல வேலை. என் முடி நீ வெட்டு." இப்படித்தான் இருந்தது அவள் ஆங்கிலம்.

வீட்டுக்குப் போனதும் அவளுக்குத் தைரியம் போய்விட்டது. படித்த பிள்ளைக்கு இப்படியா அனுப்புவது? புருஷனிடம் காட்டினாள். கோக்சுங் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு ஆறும்வரை உட்கார்ந்து திருத்தினார். அதுவரை அந்தப் பையன் பேரையே வீட்டில் எடுக்காத மனுஷர். அவர் தட்டச்சு செய்து கொடுத்ததை அவள் தன் போனிலிருந்து அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. ஒரே வரி. மேகியிடம் படிக்கச் சொன்னாள். "அப்பா, அம்மாவோட போன்ல இருந்து நீங்க எழுதறதை நிறுத்துங்க." அதற்குப் பிறகு அவள் அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை. அவள் எண்ணையே தடுத்துவிட்டான்.

சனிக்கிழமை வகுப்பில் டீச்சரிடம் போனை நீட்டினாள். டீச்சர் படித்து, சீனத்தில் திருப்பிச் சொன்னார்: "'அன்றைய நிகழ்வில் ஏற்பட்ட புரிதலின்மைக்கு நானும் உன் தந்தையும் வருந்துகிறோம். உன் எதிர்காலம் குறித்து நீ மறுபரிசீலனை செய்வாய் என நம்புகிறோம்.' இது நீங்க எழுதினதா?"

"நான் பயந்துட்டேன்னு எழுதினேன்."

"அது இதுல இல்லம்மா."

"முடி?"

"அதுவும் இல்ல."

எது இருந்தது, எது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. நீளமாக, அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். "தப்பைத்தானே திருத்தினேன்" என்றாராம் கோக்சுங். "பயம்னு எழுதினா அவன் என்ன நெனப்பான்? நான் என்ன உன்னை அடிச்சேனா?"

"அடிக்கலை."

"அப்புறம்?"

"பயமாத்தான் இருந்துச்சு."

அவர் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாராம்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை காகிதத்தில், பேனாவால், பழைய பக்கத்தை அப்படியே. மேகி கால்கரிக்குப் போகவிருந்தாள். நேரில் கொடுப்பதாக ஒத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க சௌவான் கொழுக்கட்டையில் இறால் வைக்க மறந்து மறந்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள். "காத்தை வித்துப் பணக்காரியாகப் போறியா?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தாள்.

மேகி திரும்பி வந்து முதலில் வானிலை பற்றிப் பேசினாள். சௌவான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கொடுத்தியா?" என்றாள்.

"கொடுத்தேன் பெரியம்மா. படிச்சான்."

"என்ன சொன்னான்?"

மேகிக்குச் சொல்ல மனமில்லை. சௌவான் விடவில்லை.

"'அப்பா இப்போ தப்புத் தப்பா எழுதவும் கத்துக்கிட்டார்'னான்."

"நீ சொல்லலையா, நான் எழுதினதுன்னு?"

"சொன்னேன். 'இப்படிச் சொல்லச் சொல்லி உன்னையும் அனுப்பினாரா?'ன்னு கேட்டான். அதுக்கு மேல நான் பேசலை."

கோக்சுங் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாசற்படியில் வந்து நின்றார். "நான் எழுதறேன். இது என் எழுத்து இல்லன்னு நானே எழுதறேன்."

"நீங்க எழுதி, அவன் நம்பவா?" என்றாள் சௌவான். மேகி சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது வேலை மேசையில்தான். மாவு வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மடிக்காமல் நின்றாள்.

"கையெழுத்தைப் பார்த்துமா தெரியலை அவனுக்கு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கே பார்த்தான்? ஸ்கூல் தாள் எல்லாத்துலயும் அவங்க அப்பாதான் கையெழுத்து போடுவார். வர முடியலைன்னு டீச்சருக்குச் சீட்டு, பிக்னிக்குக்குச் சம்மதம், எல்லாம் அவர். எனக்கென்ன தெரியும்னு நான் ஒதுங்கிக்குவேன். ஒரு வரி நான் எழுதி அவன் பார்த்ததே இல்ல. அவங்க அப்பாதான் கையை மாத்தி எழுதியிருக்கார்னு நெனச்சிருப்பான். எப்படிக் கண்டுபிடிப்பான், பாவம்."

மகனைத்தான் பாவம் என்றாள்.

"சனிக்கிழமை வா. டீச்சர் ஏதாவது வழி சொல்வாங்க" என்றேன்.

"டீச்சர் கேட்டா முட்டி வலின்னு சொல்லு."

சொன்னேன். டீச்சர் நம்பவில்லை. ஆனாலும் முட்டி சரியானதும் வரச் சொல்லுங்கள், வகுப்பில் சௌவானின் இடம் அப்படியே இருக்கும் என்றார். அதையும் போய்ச் சொன்னேன். சௌவான் கேட்டுக்கொண்டதாகத் தலையை மட்டும் ஆட்டினாள். தட்டு நிறைந்துவிட்டது, ஆவி அடுப்புக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள்.